கிளிப்பிள்ளையின் நாக்கு

அடி பாவிக் கிளியே, அது என் சொல்லாயிற்றே!

மருதாயி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சபையில் நூறு பேர் இருந்தார்கள். எதிரே மன்னர் இருந்தார். அவள் உதட்டில் எப்போதும் இருக்கும் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே மட்டும் ஏதோ மளுக்கென்று முறிந்தது.

இது நடந்தது எப்போது என்று கேட்டால், மன்னர்களுக்கு நிறையப் பொழுதும் குடிமக்களுக்கு நிறையப் பொறுமையும் இருந்த முன்னொரு காலத்தில். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். ஏரி இருந்தது, கோட்டை இருந்தது, அவ்வளவு போதும்.

அந்த நாட்டு மன்னருக்கு ஒருநாள் மனிதர்களின் வழக்குகள் அலுத்துவிட்டன. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, அண்ணன் தம்பி தகராறு என்று இருபது வருடமாகக் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தவர், "போதும்! மனிதர்கள் வாயைத் திறந்தால் பொய். இனி வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் வளர்க்கும் பிராணிகளின் வழக்கை மட்டும் விசாரிப்பேன்" என்று அறிவித்துவிட்டார்.

"அவை பேசாதே, மகாராஜா" என்றார் பிரதானி அம்பலவாணர்.

"அதற்கென்ன? மருதாயி பேசுவாள். இந்த நாட்டுப் பிராணிகளுக்கெல்லாம் இன்று முதல் அவளே வாய்."

மருதாயி அந்தச் சபையில் விகடம் சொல்பவள். மன்னர் முகம் சுருங்கினால் அவள் வாயைத் திறக்க வேண்டும். மன்னர் சிரித்தபின்தான் மூடலாம். பத்து வருடமாக இதுதான் அவள் வேலை. இப்போது ஆடு மாடுகளின் வேலையும் சேர்ந்துகொண்டது.

முதல் வெள்ளிக்கிழமை ஒரு பூனை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "என் வீட்டில்தான் பால் குடிக்கிறது, என் பூனை" என்றார் ஒருவர். "என் வீட்டில்தான் எலி பிடிக்கிறது, என் பூனை" என்றார் மற்றவர். மருதாயி பூனையின் காதருகே குனிந்து ஏதோ கேட்பதுபோல் தலையாட்டினாள்.

"மகாராஜா, நேற்று அந்தப்புரத்துப் பட்டுத்திரையைக் கிழித்தது தான்தான் என்று பூனை ஒப்புக்கொள்கிறது. திரையின் விலையை எசமானரிடம் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது."

"அவர் பூனைதான்!" என்றார்கள் இருவரும், ஒருவரையொருவர் காட்டி. பூனை அன்றிலிருந்து அரண்மனைச் சமையற்கட்டில் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் ஒரு நாய். அதன்மேல் வழக்குப் போட்டவர் பிரதானி அம்பலவாணரே. வண்ணாரத் தெரு வழியாக அவர் போகும்போதெல்லாம் அது குரைக்கிறதாம். பதவிக்கு மரியாதை இல்லையாம்.

பிரதானிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொல்வதற்கு முன்னும் மூன்று முறை கனைப்பார். "க்ஹும், க்ஹும், க்ஹூம்" என்று கேட்டால் அரண்மனை வேலைக்காரர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். அன்றும் கனைத்துவிட்டு, "நாய்க்குத் தண்டனை வேண்டும்" என்றார்.

"தாராளமாக" என்றாள் மருதாயி. "ஆனால் இந்த நாய் இரண்டு பேரைப் பார்த்துத்தான் குரைக்கும் என்கிறது. ஒன்று, ஊருக்குப் புதியவர். இரண்டு, திருடர். பிரதானியார் இதில் யார் என்று சபையில் சொல்லிவிட்டால், நாய் தண்டனையை ஏற்றுக்கொள்கிறது."

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிரதானி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் சிரிக்கவில்லை. இவளை ஒருநாள் வாயடைக்க வைக்கிறேன் என்று அன்றே முடிவுசெய்தார்.

இனி கிளிக்கு வருவோம்.

கோட்டை வாசலுக்கு வெளியே பிச்சியம்மை என்று ஒரு பூக்காரி இருந்தாள். புருஷன் போய்ப் பல வருடமாயிற்று, பிள்ளை இல்லை. மரத்திலிருந்து விழுந்த கிளி ஒன்றை எடுத்து, பாலில் நனைத்த சோறு ஊட்டி வளர்த்தாள். பவளம் என்று பெயர் வைத்தாள். அது பேசக் கற்றுக்கொண்ட முதல் சொல் "அம்மா." விடிந்தால் "அம்மா, பூ! அம்மா, பூ!" என்று தெருவைக் கூப்பிடும். தெரு அதைப் பூ விற்கும் கூவல் என்று நினைத்தது. பிச்சியம்மைக்கு அதில் முதல் சொல் மட்டும்தான் காதில் விழும். அவளை அப்படிக் கூப்பிட வேறு ஆள் இல்லை.

சபை முடிந்ததும் மருதாயி அந்த வீட்டுக்குத்தான் போவாள். பிச்சியம்மை அதிகம் பேசாதவள். யாரும் எதிரே உட்கார்ந்து அடுத்த சிரிப்புக்காகக் காத்திருக்காத ஒரே இடம் அதுதான். மருதாயி ஒரு கூடை மல்லிகையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நாரில் பூ ஏறும், பேச்சு இருக்காது. அந்த நேரத்தில் தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. அங்கே கண்ணாடி இல்லை, அதனால் தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் சபையில் அவள் மன்னரிடம் ஒன்று சொன்னாள். "மகாராஜா, மேற்கு ஏரி மதகுப் பலகை உளுத்துவிட்டது. அடுத்த பெருமழைக்குத் தாங்காது. கீழே நாலு ஊர் இருக்கிறது."

மன்னர் உடனே சிரித்தார். "மதகும் ஆடுகிறதா, பிரதானியின் கடைவாய்ப் பல் மாதிரி?" என்றார். சபையே சிரித்தது. மருதாயி இன்னொரு முறை சொன்னாள். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். அவள் எதைச் சொன்னாலும் சிரிப்பதற்கு அவர்கள் பழகிப்போயிருந்தார்கள்.

அன்று மாலை பூக்கட்டும்போது, யாரிடமும் இல்லாமல், மடியிலிருந்த மல்லிகையைப் பார்த்து அவள் சொன்னாள்: "ராசாவுக்குச் சிரிப்பு வேணும், புத்தி வேணாம்."

பிச்சியம்மை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கூண்டுக்குள் இருந்த பவளமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது.

பிறகு மன்னர் பரிவாரத்தோடு வேட்டைக்குப் போனார். வேட்டையில் மான் கிடைக்காத நேரத்தில் சிரிப்பு வேண்டுமே, அதனால் மருதாயியும் போனாள். பன்னிரண்டு நாள். கோட்டையைப் பார்த்துக்கொண்டது பிரதானி. அவர்கள் கிளம்பிய அன்றே, கோயிலுக்கு மாலை கட்டச் சொல்லப் பிச்சியம்மை வீட்டுக்குப் போன அவர் முன்னால் கிளி வாயைத் திறந்து அந்த வரியைச் சொன்னது. அவருக்குப் பாயசம் குடித்ததுபோல் இருந்தது. பிராணிகளுக்கு வாயாக இருப்பவள் இந்தப் பிராணிக்கு என்ன பேசுவாள், பார்க்கலாம்! கூண்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். பிச்சியம்மையையும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று காவல் வைத்தார்.

வேட்டைக் கூட்டம் வியாழன் மாலை திரும்பியது. வெள்ளி காலை சபை கூடியது. ஓலை வாசிப்பவர் எழுந்து வழக்கைப் படித்தார்:

"கோட்டை வாசலில் பூ விற்கும் பிச்சியம்மை வளர்த்துவரும் கிளிப்பிள்ளை ஒன்று, பிரதானி அம்பலவாணர் காதுபட, 'ராசாவுக்குச் சிரிப்பு வேணும், புத்தி வேணாம்' என்று மன்னரை இகழ்ந்து சொன்னபடியால், இகழ்ந்து சொன்ன நாக்கை அறுக்கச் சட்டம் உள்ளபடியால், அக்கிளிப்பிள்ளையின் நாக்கை அறுக்க உத்தரவாக வேண்டும்."

மருதாயிக்கு உள்ளே முறிந்தது அப்போதுதான்.

மன்னரின் முகம் சிவந்தது. "என்ன? 'ராசாவுக்குச் சிரிப்பு வேணும், புத்தி வேணாம்' என்றா?"

"ஆமாம் மகாராஜா. 'ராசாவுக்குச் சிரிப்பு வேணும், புத்தி வேணாம்.' தெளிவாகச் சொன்னது. பன்னிரண்டு நாளாகக் கூண்டை என் வீட்டில்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றார் பிரதானி. பின்வரிசையில் காது மந்தமான ஒருவர் "என்ன சொன்னதாம்?" என்று கேட்க, பக்கத்தில் இருந்தவர் அந்த வரியை அவர் காதில் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். சபை முழுக்க அந்த வரி ஒருமுறை சுற்றி வந்தது.

கூண்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். பிச்சியம்மை ஓரமாக நின்றாள். கிளி அவளைப் பார்த்து "அம்மா" என்றது. அவள் கூண்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். மருதாயி பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

திரும்பாதே என்று மருதாயி நினைத்தாள். பிறகு, அவள் எனக்காகத்தான் திரும்பாமல் இருக்கிறாள் என்று நினைத்தாள். சொல் என்னுடையது. போகப்போவது கிளியின் நாக்கு. பயந்தால் அவளுக்கு யோசனை வேகமாக ஓடும். அது அவளுக்குத் தெரியும். கடைசியில் ஒன்றும் இல்லையென்றால் உண்மை இருக்கிறது, அதைச் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் எத்தனை கதவு இருக்கிறதோ அத்தனையையும் தட்டிப் பார்ப்போம்.

அவள் எழுந்தாள்.

"பிரதானியாரே, இந்த ஓலையை எழுதியது யார்?"

"க்ஹும், க்ஹும், க்ஹூம். என் கையாலேயே எழுதினேன்."

"அழகான கையெழுத்து. இதில் 'கிளிப்பிள்ளை' என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன்?"

"கிளியைக் கிளிப்பிள்ளை என்றுதானே அம்மணி சொல்வார்கள்? ஊரே அப்படித்தான் சொல்கிறது."

"போன மாதம் ஒரு நாய் வந்ததே, அதை நாய்ப்பிள்ளை என்று எழுதினீர்களா?"

"நாயைப் போய் யாராவது..."

"பூனையைப் பூனைப்பிள்ளை என்போமா? மாட்டுக்குப் பிறந்ததைக் கன்று என்போம், கோழிக்குப் பிறந்ததைக் குஞ்சு என்போம். வீட்டில் வளர்ப்பவற்றில் கிளியைத்தான் பிள்ளை என்கிறோம். பிரதானியாரும் தம் கையால் எழுதி ஒப்பமிட்டிருக்கிறார். மகாராஜா, தங்கள் பாட்டனார் எழுதிவைத்த சட்டத்தில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. படிக்கச் சொல்ல வேண்டும்."

ஓலை வாசிப்பவர் தேடி எடுத்தார். "ஏழு வயது நிரம்பாத பிள்ளையின் வாய்ச்சொல் குற்றமாகாது."

"பவளத்துக்கு வயது நாலு" என்றாள் மருதாயி.

சபையில் சிரிப்பு எழுந்தது. மன்னரின் மீசைகூட லேசாக அசைந்தது. ஆனால் பிரதானியும் சிரித்தார். அதைப் பார்த்ததும் மருதாயிக்குச் சுருக்கென்றது.

"க்ஹும், க்ஹும், க்ஹூம். பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். அம்மணி பாதியில் நிறுத்திவிட்டார்கள். மீதியையும் படியும்."

ஓலை வாசிப்பவர் தொடர்ந்து படித்தார். "...குற்றமாகாது. அப்பிள்ளைக்கு அச்சொல்லைப் பழக்கியவர் நாக்கே அறுபடும்."

கத்தியோடு நின்ற காவலன் கூண்டைவிட்டுப் பிச்சியம்மையைப் பார்த்தான்.

என் கெட்டிக்காரத்தனம் கத்தியைக் கிளியிடமிருந்து எடுத்து இவள்மேல் வைத்துவிட்டது என்று நினைத்தாள் மருதாயி.

"பூக்காரி, உன் கிளிக்கு இதைப் பழக்கியது நீயா? வேறு யாராவதா?" என்று மன்னர் கேட்டார்.

ஒரு பெயர் சொன்னால் போதும். பிச்சியம்மை வாயைத் திறக்கவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"பேசாவிட்டால் நீ என்றுதான் ஆகும்."

அவள் அப்போதும் பேசவில்லை.

அந்த அமைதியில், "க்ஹும்" என்று ஒரு கனைப்புக் கேட்டது. வாசலில் இருந்த வேலைக்காரர்கள் சட்டென்று நிமிர்ந்தார்கள். மருதாயி பிரதானியைப் பார்த்தாள். அவர் அப்போது வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கன்னமும் உப்பியிருந்தன. அந்த வாயால் யாரும் கனைக்க முடியாது.

மருதாயி கூண்டைப் பார்த்தாள்.

"மகாராஜா, தாயைக் கேட்டீர்கள். பிள்ளையைக் கேட்கவில்லையே? யார் பழக்கினார்கள் என்று பிள்ளையே சொல்லட்டும்."

"கேட்கலாமே!" என்றார் பிரதானி, வெற்றிலையை அவசரமாக விழுங்கிக்கொண்டு. கிளி மறந்துவிடுமோ என்பதுதான் அவருடைய ஒரே கவலையாக இருந்தது. அந்தக் கவலையும் இல்லாதபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரதானியாரே, பாவம், குழந்தை மிரண்டிருக்கிறது. பன்னிரண்டு நாளாக உங்கள் வீட்டுச் சோறு தின்றது. நீங்கள் கொஞ்சம் பக்கத்தில் வந்து நில்லுங்கள்."

பிரதானி பெருமையோடு கூண்டருகே வந்தார். அவரைக் கண்டதும் பவளம் கம்பியில் இரண்டு எட்டு நகர்ந்தது. கழுத்தை நீட்டியது. மார்பை நிமிர்த்தியது.

"க்ஹும், க்ஹும், க்ஹூம்!" என்றது. அச்சு அசல் பிரதானியின் குரல். "சொல்லு, சொல்லு! ராசாவுக்குச் சிரிப்பு வேணும், புத்தி வேணாம். இன்னொரு தடவை! மறந்துடாதே, வெள்ளிக்கிழமை சபையிலே சொல்லணும். ராசாவுக்குச் சிரிப்பு வேணும், புத்தி வேணாம். பேஷ்! இந்தா, கொய்யாப்பழம்!"

பிறகு பிரதானியின் கையைப் பார்த்தது. கையில் பழம் இல்லை. "கொய்யாப்பழம்!" என்று அதட்டியது.

பிரதானியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "நான்... மகாராஜா, அது மறந்துவிடக்கூடாதே என்று..."

"பழக்கினீர்" என்றார் மன்னர். அவர் சிரிக்கவில்லை. "என்னை இகழும் வரியைப் பழம் கொடுத்து, பன்னிரண்டு நாள், காலை மாலை பழக்கினீர். சட்டத்தை நீரே படிக்கச் சொன்னீர். காவலா!"

காவலன் கத்தியோடு முன்னால் வந்தான். சபையில் பலருக்கு மகிழ்ச்சிதான். பிரதானியைப் பிடிக்காதவர்கள் நிறைய. நாயின் எசமானன் பின்வரிசையில் எட்டிப் பார்த்தான்.

மருதாயி தப்பித்தாள். பிச்சியம்மை தப்பித்தாள். கிளி தப்பித்தது. இந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் அவள் கண்ணுக்குப் பிரதானியின் வாய்தான் தெரிந்தது. வெற்றிலைச் சாறு ஓரத்தில் வழிய, கனைக்கக்கூட முடியாமல் திறந்திருந்த வாய். இந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனால் என் சொல்லுக்கு இவர் நாக்கைக் கொடுக்க நான் யார்?

"மகாராஜா, ஒரு சந்தேகம்" என்றாள். "சட்டத்தில் இகழ்ந்து 'சொன்ன நாக்கு' என்றுதானே இருக்கிறது? முதலில் சொன்ன நாக்கு என்றோ, வேண்டுமென்று சொன்ன நாக்கு என்றோ இல்லையே?"

"இல்லை."

"அப்படியானால் காவலனுக்கு இன்று வேலை நிறைய இருக்கிறது. ஓலை வாசித்தவர் அந்த வரியைச் சொன்னார். பிரதானி சொன்னார். பின்வரிசையில் இவர் அவரிடம் சொன்னார், அவர் இவரிடம் சொன்னார். ஒரு கத்தி போதாது. எங்கிருந்து தொடங்குவது என்றுதான் கேட்கிறேன். பதவி வரிசைப்படி தொடங்குவதுதானே இந்தச் சபையின் மரபு?"

"ஆமாம், பதவி வரிசைப்படி..." என்று தொடங்கிய மன்னர் நின்றார். சற்று முன் தாம் முகம் சிவந்து என்ன கேட்டோம் என்று அவருக்கு நினைவு வந்தது. கை தானாக வாயை மூடிக்கொண்டது.

காவலன் ஒன்றும் புரியாமல் கத்தியோடு அரியணையைப் பார்த்தான்.

அவ்வளவுதான். மன்னர் வெடித்துச் சிரித்தார். கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. "கத்தியை உள்ளே வை, மடையா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இந்தச் சபையில் அந்த வரியைச் சொல்லாத நாக்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?"

"இரண்டு இருக்கின்றன, மகாராஜா. பிச்சியம்மையுடையது. இன்னொன்று என்னுடையது."

தீர்ப்பு உடனே வந்தது. கிளி தாயிடம் போக வேண்டும். பழக்கிய பிரதானியே அதை மறக்கவும் பழக்க வேண்டும்: பன்னிரண்டு நாள், காலையும் மாலையும், தாமே கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு பூக்காரி வீட்டு வாசலில் நின்று, "மன்னர் வாழ்க" என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். போகும் வழி வண்ணாரத் தெரு.

சபை கலைந்தது. பிச்சியம்மை கூண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், குழந்தையை வைப்பதுபோல. மருதாயியைக் கடக்கும்போது, "சாயங்காலம் வா. முல்லை வந்திருக்கு, கட்ட ஆளில்லை" என்றாள். அன்று அவள் அரண்மனையில் பேசியது அது மட்டும்தான்.

மருதாயியும் கிளம்பினாள். "நீ இரு" என்றார் மன்னர்.

வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவர் அரியணையிலிருந்து இறங்கி, கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"பூக்காரி இன்று எதுவுமே பேசவில்லை. அதனால் அவள் நாக்கு தப்பியது. நீ காலையிலிருந்து ஓயாமல் பேசினாய், மருதாயி. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பேசினாய்."

மருதாயி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"வேட்டைக்குப் போவதற்கு முன்னால் மேற்கு ஏரி மதகைப் பற்றி ஏதோ சொன்னாய். நான் சிரித்தேன்."

"எல்லோரும் சிரித்தார்கள், மகாராஜா."

"அது விகடம் இல்லையா?"

"இல்லை."

மன்னர் மறுபடி சிரித்தார். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. தன்னைத்தானே எங்கோ வழுக்கி விழுந்த இடத்தில் பார்த்தவர் சிரிப்பதுபோல. ஆளைக் கூப்பிட்டு, நாளைக்கே தச்சர்களும் கல்தச்சர்களும் மேற்கு ஏரிக்குப் போக வேண்டும், மதகை மாற்றிய பிறகுதான் ஊர் திரும்ப வேண்டும் என்று உத்தரவிட்டார். பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"மாலை, நீ என்னைச் சிரிக்க வைத்ததற்கு. மதகு, நான் சிரித்ததற்கு."

"மகாராஜா தயவு."

"இன்னும் ஒன்று. அந்த வரியைக் கிளி சொல்லிக் கேட்டேன், பிரதானி சொல்லிக் கேட்டேன். நானே என் வாயால் சொன்னேன். அதன் சொந்தக் குரலில் மட்டும் கேட்கவில்லை." அவர் கண்ணில் குறும்பு இருந்தது, கோபம் துளிகூட இல்லை. "இங்கே யாரும் இல்லை. உன் நாக்குக்கு நான் காவல். ஒருமுறை சொல், கேட்போம்."

சொன்னால் ரசிப்பார் என்று மருதாயிக்குத் தெரியும். தொடையைத் தட்டிச் சிரிப்பார். அடுத்த வாரம் விருந்தாளி மன்னர் ஒருவர் வந்தால், "அதைச் சொல், மருதாயி" என்பார். அவளும் சொல்வாள். பத்தாவது முறை சொல்லும்போது எங்கே நிறுத்தினால் அதிகம் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபட்டிருக்கும். பத்து வருடமாக அவள் வாயிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆனது. அந்த ஒரு வரி மட்டும் யாரையும் சிரிக்க வைக்கப் பிறந்ததல்ல. மடியில் மல்லிகை இருந்தது, பக்கத்தில் ஒருத்தி பேசாமல் இருந்தாள், அப்போது வந்தது.

அவள் முத்துமாலையைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். உதட்டில் வழக்கமான சிரிப்பு இல்லாமல், அன்றுதான் முதல்முறையாக, மன்னரை நேராகப் பார்த்தாள்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா" என்றாள் மெல்ல. "அது மட்டும் வேண்டாம்."